சாம்பாரும் கோழியும் ஒரே மேசையில்

நான் படம் எடுப்பவள் என்று சொன்னால் எங்கள் கிளினிக்கில் சிலர் இன்னமும் எக்ஸ்ரே படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இது சாப்பாட்டுக்கு முன், இது சாப்பாட்டுக்குப் பின் என்று மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்படி நிற்கிற பெண்ணை ஒரு டைரக்டர் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, எரிச்சல் மட்டும் உண்டு.

முதல் படத்தைக் கைப்பேசியில்தான் எடுத்தேன். சாஆ என்ற சின்ன ஊரில் என் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகிற மண்சாலையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய சின்னப் படம். நடித்தது சின்னம்மாதான். ஜொகூர் பாருவில் ஆண்டுக்கொரு முறை தமிழ்க் குறும்படங்களைத் திரையிடும் ஒரு குழுவுக்கு அதை அனுப்பினேன். கொஞ்ச நாளில் அதன் ஏற்பாட்டாளர் போன் செய்தார். குரல் தேனாக இருந்தது.

"முயற்சி நல்லா இருக்கும்மா. ஆனா என்னான்னா, வாட்ஸ்அப்ல வர்ற வீடியோ மாதிரி இருக்கு. இன்னும் படமா வரல."

நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன். பிறகு அடுப்படியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் கழுவினேன், கழுவிய பாத்திரங்களையும் சேர்த்து. படமா வரல என்றால் என்ன அர்த்தம்? பெரிய கேமரா இல்லை, கோலாலம்பூரில் ஆபீஸ் இல்லை, தோளில் பை மாட்டிய நாலு பேர் பின்னால் வரவில்லை, அதுதானே? அன்றைக்கே முடிவு செய்தேன். அதே மண்டபத்தில், அதே திரையில், என் படம் ஓட வேண்டும். ஓடும்போது அங்கே இருக்கிறவர்கள் அதைப் படம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். இதை வீராப்பு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆமாம், வீராப்புதான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது படத்தின் கதாநாயகன் அவர்தான். சிங்கப்பூரில் லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. வார நாள்களில் ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், கூட்டாளிகளோடு ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, விடியும் முன் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்புவார். சனிக்கிழமை வேலை முடித்துப் புறப்பட்டால், சிகாமட்டுக்கு வந்து சேரும்போது நான் பாதித் தூக்கத்தில் கதவு திறப்பேன். ஞாயிறுதான் அவருக்கு ஓய்வு. எனக்கு? அப்போது ஜொகூரில் அரசாங்க வேலைக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள். அவர் எழும் முன் நான் கிளினிக்குக்குப் போய்விடுவேன். நான் திரும்பி வரும்போது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இப்போது சனி ஞாயிறாக மாற்றிவிட்டார்கள், நல்லது. ஆனால் அத்தனை வருஷமும் எங்கள் குடித்தனம் பெரும்பாலும் வாய்ஸ் மெசேஜில்தான் நடந்தது. பைப்பு ஒழுகுவது, பிள்ளையின் பள்ளிக்கூடம், அவருடைய அம்மாவின் மூட்டுவலி எல்லாமே அதில்தான்.

படத்துக்குக் கதை தேடி நான் எங்கும் அலையவில்லை. ஒரு கணவனும் மனைவியும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். பைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள், குழம்பைப் பற்றிப் பேசுகிறார்கள், கொஞ்சம் சண்டை போடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகிறார்கள். அவ்வளவுதான் படம். ஒரே ஷாட். கேமரா அசையாது.

"இதுல என்னா இருக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நாம சேர்ந்து சாப்புட்டு எவ்ளோ நாளாச்சு, அது இருக்கு," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். நடிக்கச் சம்மதித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சேர்ந்து சாப்பிடுவதைப் படம் எடுக்க, நாங்கள் சேர்ந்து உட்கார வேண்டுமே! மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழ வேண்டும் என்பது என் பிடிவாதம். சனிக்கிழமை மதியம் அவர் சிங்கப்பூரில் ஏதோ ஓர் அடுக்குமாடியின் உச்சியில் இருப்பார். ஞாயிறு மதியம் நான் கவுண்டரில் இருப்பேன். ஒரு நாள் லீவு போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில்: போட வேண்டிய லீவை எல்லாம் மாமியாரின் மூட்டுவலிக்குப் போட்டாயிற்று.

அப்போதுதான் எனக்கு இரட்டை வேடப் படங்கள் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோமே, ஒரே நடிகர் இரண்டு பேராக ஒரே அறையில் நின்று பேசுவார். கேமராவை அசைக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் பாதித் திரையையும் பிறகு மீதிப் பாதியையும் எடுத்து ஒட்டுகிற வேலை அது. அதற்கு அந்தக் காலத்தில் ஸ்டூடியோ வேண்டும், லேப் வேண்டும், கெட்டிக்காரத் தொழில்நுட்பக்காரர்கள் வேண்டும். இப்போது கைப்பேசிக்கே அந்த வித்தை தெரியும். ஒருவரை இருவராக்கிக் காட்டின அதே வித்தையை வைத்து, இரண்டு நாளில் உட்காருகிற இருவரை ஒரே நேரத்தில் உட்காரவைக்க முடியாதா? முடியும் என்று தோன்றியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பொங்கலுக்கு முந்தைய வாரங்களில், மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு சனிக்கிழமை, என் பாதியை எடுத்தேன். பழைய கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாண்டின் கால்களை ராஃபியா கயிற்றால் அலமாரியோடு கட்டினேன். மேசைக்கால், நாற்காலிக்கால் எல்லாவற்றுக்கும் தரையில் நெயில் பாலிஷால் அடையாளம் வைத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் வந்து நின்ற கோடு ஒன்று பழுப்பாக நீளத்துக்கு ஓடும். சிகாமட்டில் தாழ்வான பக்கம் இருக்கிற வீடுகளில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தக் கோடு இரண்டு பாதியிலும் தெரிந்தால் ஒட்டுவதற்கு வசதி என்று கணக்குப் போட்டேன். ஒரே ஒரு சட்டம் முக்கியம். மேசையின் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது, கையும் நடுவைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் ஒட்டுகிற இடத்தில் கை வெட்டுப்பட்டுவிடும்.

தட்டில் சோற்றைப் போட்டேன், சாம்பார் ஊற்றினேன், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். இடது கையில், மேசைக்குக் கீழே, ரிமோட்டை அமுக்கினேன். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். அவர் பேச வேண்டிய வசனத்தை மனதுக்குள் அவருடைய குரலில் சொல்லிக்கொண்டு அந்த அளவுக்கு இடைவெளி விட்டேன். காலி நாற்காலியிடம் கோபித்துக்கொள்வது எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. பழக்கம்தான்.

மறுநாள் அவருடைய பாதி. டைரக்டர் கவுண்டரில் இருந்தாள். காலைத் தேநீர் வேளையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"சாப்பாட்டப் போட்டுக்கிட்டு உக்காருங்க. நாற்காலிய நவுத்தாதீங்க. நேத்துப் பதிஞ்ச என் வசனம் வலது காதுல மாட்டுற இயர்போன்ல வரும், அதக் கேட்டுக்கிட்டே பதில் பேசுங்க. கை நடுவுல வரக்கூடாது. பேசும்போது என்னயப் பாருங்க."

"உன்னய எங்கப் பாக்குறது? நாற்காலிதானே இருக்கு?" என்று பதில் வந்தது.

"அந்த நாற்காலியத்தான் பாருங்க."

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் பையோடு நின்றார். எடுத்துட்டேன், நல்லா வந்திருக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார், போய்விட்டார். நான் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பாதியையும் பொந்தியானுக்கு அனுப்பிவிட்டேன்.

பொந்தியானில் ஒரு பெண் இருக்கிறாள். கல்யாணம், சடங்கு வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருபவள், குழந்தை தூங்கும் நேரத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவள். நானும் அவளும் நேரில் பார்த்ததே கிடையாது. என் முதல் படத்துக்கு எடிட்டிங் செய்ததும் அவள்தான். அவள் கல்யாண வேலைகளில் மாட்டிக்கொண்டதால் என் படத்தைத் திறக்கவே நாளாகிவிட்டது. அதற்குள் பொங்கல் வந்தது. வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து வீட்டுக்குச் சாயம் அடித்தார். வெள்ளக் கோடு போய்விட்டது, தரையில் இருந்த அடையாளங்களையும் தின்னர் வைத்துத் துடைத்துவிட்டார். வீடு பளிச்சென்று இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஜாயின்ட் சூப்பரா உக்காந்திருச்சு. சுவத்துக் கோடு அப்படியே நேரா போவுது. வெளிச்சத்த மட்டும் கொஞ்சம் ஏத்தி இறக்கினேன். ஆனா ஒன்னு கேக்கணும். அண்ணன் கோழிக்கால் கடிச்சிக்கிட்டு இருக்காரு. நீங்க சாம்பார் சாப்புடுறீங்க. வீட்ல ஏதும் சண்டையா?"

"அலமாக், போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். ஞாயிற்றுக்கிழமை கோழி. எங்கள் வீட்டில் மட்டுமா? எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பு முழுக்க, தமிழர் வீடு அத்தனையிலும் அப்படித்தான். அவருக்காக நான் சாம்பாரை ஐஸ்பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன். அவரோ ஞாயிறு என்றதும் வழக்கம்போலக் காலையிலேயே சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி, பிரட்டி, சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு என்றால் சாம்பார்தான் என்று நான் சொல்லவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை யாராவது சாம்பார் சாப்பிடுவார்களா என்று அவருக்கு நியாயமான சந்தேகமாம். வாய்ஸ் மெசேஜிலேயே ஒரு வாரம் சண்டை போட்டோம்.

மறுபடி எடுக்க வழியில்லை. சுவர் வேறு, தரை வேறு, படம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. நம் ஆள்கள் முன்னால் ஒரு மேசையில் மனைவிக்குச் சாம்பாரும் கணவனுக்குக் கோழியும் வைத்துக் காட்டினால் என்ன ஆகும்? கதையை விட்டுவிட்டு எல்லோரும் தட்டைத்தான் பார்ப்பார்கள். டைரக்டருக்கு இதுகூடத் தெரியவில்லை என்பார்கள். வாட்ஸ்அப் வீடியோதான் என்று ஏற்பாட்டாளர் மறுபடி தேன் குரலில் சொல்லுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, அழாதீங்க. இப்பல்லாம் இதுக்கு வழி இருக்கு," என்றாள் பொந்தியான்காரி, மறுபடி போன் செய்தபோது. "ஏஐகிட்ட சொன்னா கோழிய எடுத்துட்டு வேற வச்சிரும். ராத்திரிக்குள்ள அனுப்புறேன்."

அனுப்பினாள். மறுநாள் மதியம் கிளினிக் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கோழி மாயமாகிவிட்டது. அவர் தட்டிலும் சாம்பார், பொரியல், அப்பளம். கையில் கோழிக்கால் இருந்த இடத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு! அவர் அதைக் கடித்து இழுக்கிறார், சப்புகிறார், ஓரமாக வைக்கிறார். கோழிக்காலை முருங்கைக்காயாக்கலாம் என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித்தான் தோன்றியதோ. விரலில் எண்ணெய் மினுக்கம்கூட மாறி மஞ்சளாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து முருங்கைக்காயைத் தொட்டதில்லை.

அவருக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"நல்லாதான் இருக்கு. எனக்கு முருங்கக்கா ஆகாதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்? அனுப்பிடு லா. கோழி இருந்திச்சுன்னா யாராச்சும் கண்டுபிடிச்சி மானம் போயிரும்."

அனுப்பத்தான் நினைத்தேன். நான் இயந்திரத்துக்கு எதிரி கிடையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்கள் கலையைக் கெடுத்துவிட்டன என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்குக் கேமரா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு இந்தக் கைப்பேசி வந்த பிறகுதான் எட்டியது. என் படத்தில் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியின் சத்தத்தை நீக்கியது இயந்திரம், மேகம் மறைத்த வெயிலைச் சரிசெய்தது இயந்திரம், என்னையும் அவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததும் அதுதான். அது இல்லாவிட்டால் சிகாமட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஒருத்தி படம் எடுத்திருப்பாளா?

ஆனால் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. முருங்கைக்காய் படத்தில் இருக்கிற இருவரும் தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு என்ன குறை? அவள் ஏன் கோபிக்கிறாள், அவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டே பேசுகிறார் என்றே புரியவில்லை. கோழிப் படத்தில் அது புரிந்தது. அவள் தன் சனிக்கிழமையில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் தன் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்திருக்கிறார். மேசை மட்டும்தான் ஒன்று. நான் எழுத நினைத்து எழுதத் தெரியாமல் விட்டதை அந்த இரண்டு தட்டும் சொல்லிவிட்டன. அதைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே இரக்கம் வந்தது, அவர் மேல் அதைவிட அதிகமாக வந்தது. தனியாக உட்கார்ந்து, காதில் என் குரலைக் கேட்டுக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். அதைப் போய் முருங்கைக்காயால் மூடுவதா?

கோழிப் படத்தையே அனுப்பினேன். பொந்தியான்காரி, "அக்கா, நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வீட்டுக்காரர் அந்த வாரம் வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பேருக்குமே உள்ளூரப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? நான் பார்த்ததை அந்த மண்டபத்தில் இருக்கிறவர்களும் பார்ப்பார்களா, அல்லது ஒரு தவறை மட்டும் பார்த்துவிட்டுச் சிரிப்பார்களா என்று எனக்கே தெரியாது.

ஏற்பாட்டாளர் போன் செய்தார். இந்த முறை பாராட்டில் ஆரம்பித்தார். நடிப்பு இயல்பு, வசனம் இயல்பு என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன மிஸ்டேக் இருக்கும்மா. சாப்பாடு மேட்ச் ஆகல. இப்பத்தான் ஏஐ இருக்கே, மாத்திக் குடுத்துடுங்களேன். எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

"மாத்திப் பாத்தேன் சார். அதுக்கப்புறந்தான் இத அனுப்புனேன்."

"ஜனங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சி முடிச்சிட்டுப் பாப்பாங்க."

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முதல் படமாகப் போட்டார்கள், கூட்டம் இன்னும் வந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு. அது எனக்குப் புரியாமல் இல்லை.

திரையிடல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஜேபியில் கடைவரிசை ஒன்றின் மாடியில் இருக்கிற மண்டபம். நான் மதிய பஸ் பிடித்து வந்து முன்னதாகவே உட்கார்ந்துவிட்டேன். பொந்தியான்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முதன்முதலாக அவளை நேரில் பார்க்கிறேன், கட்டிக்கொண்டோம். வீட்டுக்காரர் வேலை முடிந்து நேராக வருவதாகச் சொல்லியிருந்தார். விளக்கை அணைக்கும்போது மெசேஜ் வந்தது: பாலத்தில் ஜாம், பஸ் நகரவே இல்லை.

படம் ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய திரையில் எங்கள் வீட்டுச் சுவர், எங்கள் மேசை. ஒட்டிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு முன்வரிசையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து வந்திருந்தார்கள். அவர் கோழிக்காலை எடுத்ததும் பின்னால் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். அப்பளத்தை நான் நொறுக்கும்போது மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"டேய், பொண்டாட்டிக்குச் சாம்பார் ஊத்திட்டு இவன் மட்டும் கோழியா!" என்று ஓர் ஆண் குரல்.

நான் நாற்காலியில் சரிந்தேன். திரையில் நான் பைப்பு ஒழுகுவதைப் பற்றிக் கேட்கிறேன். அவர் குழம்பு நல்லா இருக்கு என்கிறார். மறுபடி சிரிப்பு. பொந்தியான்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"ஏய், சிரிக்காத. அவ ஒரு வாட்டியாச்சும் கைய நீட்டி அவருக்குப் பரிமாறுனாளா பாரு. ஒன்னா உக்காரலடி ரெண்டு பேரும். அவளுக்கு சனிக்கிழம, அவருக்கு ஞாயித்துக்கிழம."

மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. ஜேபியில் அதைக் கேட்டும் புரியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பாதி வீட்டில் ஓர் ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. திரையில் நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வாரமாச்சும் கொஞ்சம் சீக்கிரமா வாங்க," என்கிறேன். அவர் நிமிர்ந்து, என் தோளுக்குச் சற்று மேலே, நான் இல்லாத இடத்தைப் பார்த்து, "பாக்கலாம்," என்கிறார். எங்கோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். முன்வரிசைப் பெண் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

விளக்குப் போட்டதும் கைதட்டினார்கள். நான் எத்தனையோ கைதட்டலைக் கேட்டிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களுக்காக. இது எனக்கு. நான் வெட்கப்படவில்லை, தலையையும் குனியவில்லை. எழுந்து நின்று நன்றாகக் கேட்டுக்கொண்டேன். பொந்தியான்காரியையும் கையைப் பிடித்து எழுப்பினேன். ஒட்டினது இவதான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சத்தமாகச் சொன்னேன்.

ஏற்பாட்டாளர் மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார். என் படத்தை அவர் வாயால் படம் என்றார். "நல்ல படம்," என்றார், கொஞ்சம் தயங்கித்தான். போதும். நான் குறித்துக்கொண்டேன். பிறகு, "கதாநாயகன் வரலையா?" என்று கேட்டார்.

"பாலத்துல மாட்டிக்கிட்டாரு," என்றேன். மண்டபம் மறுபடி சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு.

"போன் போடுங்கக்கா! வீடியோ கால் போடுங்க!" என்று முன்வரிசையில் இருந்து குரல் வந்தது.

போட்டேன். கம்பெனிச் சட்டையோடு, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஜன்னலில் மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையாக நகராமல் நின்றன. முகம் வேர்த்திருந்தது. நான் மேடையில் நிற்பதோ, மைக் பக்கத்தில் இருப்பதோ அவருக்குத் தெரியாது. என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"என்னா ஆச்சு? படம் ஓடிருச்சா? நான்தான் அப்பவே சொன்னேன்ல. கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"கண்டுபிடிச்சிட்டாங்க," என்றேன்.

போனை அப்படியே கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினேன். முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று அவருக்குக் கை ஆட்டினார்கள்.